இரண்டு புறாக்கள்: ஓர் ஆர்க்கிடும் ஒரு கொலம்பைனும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வெயில் கடுமையாக இருக்கும் ஒரு பிற்பகலில் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டித் தீர்க்கிறது. ஓரிரு மணி நேரத்தில் வெப்பநிலை ஐந்தாறு பாகை செல்சியஸ் இறங்குகிறது. மழை விட்டதும் மறுபடியும் பழைய வெயில். மனிதர்கள் அந்த மழையை மறந்துவிடுகின்றனர். மரங்களின் மேல் தொற்றி வளரும் ஒரு செடி மட்டும் அதை மறப்பதில்லை. மழை பெய்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில், அதுவரை காய்ந்த குச்சிபோல் நீட்டிக்கொண்டிருந்த அதன் மெல்லிய தண்டுகளில் வெண்ணிற மலர்கள் விரிகின்றன. அந்த மழை நனைத்த வட்டாரத்தில் இருக்கும் அந்த இனச் செடிகள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே காலையில் பூக்கின்றன. காற்றில் நறுமணம் பரவுகிறது. தேனீக்கள் வந்து போகின்றன. பொழுது சாய்வதற்குள் பூக்கள் வாடத் தொடங்குகின்றன. அடுத்த பூப்புக்கு அடுத்த மழை வர வேண்டும்.

இந்தச் செடியின் அறிவியல் பெயர் டென்ட்ரோபியம் குருமெனேட்டம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலோஃப் சுவார்ட்ஸ் 1799இல் இட்ட பெயர் அது. ஆங்கிலத்தில் இதனைப் ‘புறா ஆர்க்கிட்’ என்பர். பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் சிறகு விரித்துப் பறக்கும் வெண்புறா ஒன்றின் வடிவம் தெரியும் என்பதே காரணம்.

இங்கிருந்து மிகத் தொலைவில், மேற்கு இமயத்தின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் இன்னொரு பூ பூக்கிறது. அதன் பேரினம் அக்குயிலீஜியா. ஆங்கிலத்தில் கொலம்பைன். காஷ்மீர் முதல் உத்தராகண்ட் வரையிலான மலைகளில் அக்குயிலீஜியா பியூபிஃப்ளோரா, அக்குயிலீஜியா ஃபிராக்ரன்ஸ் ஆகிய இனங்கள் காணப்படுகின்றன. கொலம்பைன் என்னும் சொல் இலத்தீன் மொழியின் ‘கொலும்பா’ என்பதிலிருந்து வந்தது. கொலும்பா என்றாலும் புறாவே. தலைகவிழ்ந்து தொங்கும் அந்தப் பூவைத் திருப்பிப் பிடித்தால், ஒரு கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து நீர் அருந்தும் ஐந்து புறாக்கள்போல் தோன்றும்.

ஆக, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு பூக்களுக்கு ஒரே பறவையின் பெயர். அந்தமானில் கொலம்பைன் வளர்வதில்லை, வளரவும் இயலாது. இமயத்தின் புல்வெளியில் புறா ஆர்க்கிட் ஒரு பனிக்காலத்தையும் தாங்காது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வாய்ப்புள்ள இடம் மொழி மட்டுமே. அவ்வாறு வைத்துப் பார்க்கும்போது தாவரவியலும் மொழியியலும் ஒன்றுக்கொன்று சில செய்திகளைச் சொல்லிக்கொள்கின்றன.

*

முதலில் உறவு பற்றி. ஆர்க்கிடுகள் ஒருவித்திலைத் தாவரங்கள். புல்லுக்கும் தென்னைக்கும் வாழைக்கும் தூரத்துச் சொந்தம். கொலம்பைன் இருவித்திலைத் தாவரங்களுள் ரனன்குலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. டைனோசர்கள் உலவிய காலத்திலேயே இவ்விரு கிளைகளும் பிரிந்துவிட்டன. ஆர்க்கிட் குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. கொலம்பைன் பேரினத்தில் ஏறத்தாழ 70.

இவ்வளவு விலகிய பின்னும் இரு பூக்களும் ஒரே சிக்கலுக்கு ஒரே வகையான விடையைக் கண்டிருக்கின்றன. கொலம்பைனின் ஐந்து இதழ்களும் பின்புறமாக நீண்டு, நுனியில் தேன் தேங்கும் குழாய்களாகின்றன. அந்த வளைந்த குழாய்களே புறாக்களின் கழுத்தாகவும் தலையாகவும் தோற்றம் தருகின்றன. புறா ஆர்க்கிடின் அடியிலும் இதையொத்த ஒரு புடைப்பு உண்டு. தாவரவியலாளர்கள் அதனை மோவாய் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் குறிப்பர். ‘குருமெனா’ என்பது பணப்பையைக் குறிக்கும் இலத்தீன் சொல். சுவார்ட்ஸ் இட்ட ‘குருமெனேட்டம்’ அதிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் பெயர் உடனே விளங்கும்.

பூவின் தேன்குழாய் நீள்வதற்கான காரணத்தை முதலில் விரிவாக விளக்க முயன்றவர் சார்லஸ் டார்வின். மடகாஸ்கரிலிருந்து வந்த ஓர் ஆர்க்கிடின் தேன்குழாய் ஏறத்தாழ ஓரடி நீளம் இருந்ததைக் கண்டு, அதன் அடிவரை எட்டக்கூடிய உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று 1862இல் வெளிவந்த நூலில் எழுதினார். அத்தகைய பூச்சி 1903இல் அறிவியல் பெயர் பெற்றது. பூவின் குழாய் சற்று நீள, பூச்சியின் குழலும் சற்று நீள, இரண்டும் மாறி மாறி வளர்ந்தன என்பது டார்வினின் விளக்கம்.

கொலம்பைன் இந்த விளக்கத்துக்கு ஒரு திருத்தம் சொன்னது. விட்டால், ஹாட்ஜஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்கக் கொலம்பைன்களை ஆராய்ந்து 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, அங்கே குழாய்கள் சிறுகச் சிறுக நீளவில்லை. வண்டினத்திலிருந்து ஓசனிச்சிட்டுக்கும், ஓசனிச்சிட்டிலிருந்து நீள்குழல் அந்துப்பூச்சிக்கும் பூவின் விருந்தாளி மாறிய ஒவ்வொரு முறையும் குழாய் ஒரு தாவலாக நீண்டது. விருந்தாளி மாறாத காலத்தில் நீளமும் பெரிதாக மாறவில்லை. பிறகு 2012இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்த நீட்சி எப்படி நிகழ்கிறது என்பதையும் காட்டியது. குட்டைக் குழாய் இனத்துக்கும் நெட்டைக் குழாய் இனத்துக்கும் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் நீள்வதே முதன்மைக் காரணம். தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இது புதிதன்று. புதிய எழுத்துச் சேராமல், இருக்கும் ஒலியே தன் அளவில் நீண்டு ஒலிப்பதை அளபெடை என்பர். கொலம்பைனின் குழாய் அவ்வகையில் ஓர் அளபெடை.

*

இரண்டு பூக்களுக்கும் பொதுவான இன்னொரு செய்தி குளிர். கொலம்பைன் இனங்கள் பலவற்றுக்குப் பூக்கும் முன் வாரக்கணக்கில் நீளும் பனிக்காலம் ஒன்று கடந்தாக வேண்டும். குளிரை அனுபவிக்காத செடி இலையோடு நின்றுவிடும். புறா ஆர்க்கிடுக்கும் குளிர்தான் அறிவிப்பு. ஆனால் அதற்குப் பனிக்காலம் வேண்டாம். ஒரு மழையின் குளிர்ச்சி போதும். மொட்டுகள் ஓரளவு வளர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கின்றன. திடீரெனக் குறையும் வெப்பநிலை அந்தக் காத்திருப்பை முடித்துவைக்கிறது. அதிலிருந்து ஒன்பது நாள் கணக்கு.

இவ்வளவு துல்லியம் எதற்கு? புறா ஆர்க்கிட் தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. இன்னொரு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். ஒரு பூவின் ஆயுளோ ஒரு பகல். அந்த ஒரு பகலில் பக்கத்து மரத்துச் செடியும் பூத்திருந்தால்தான் தேனீயின் வருகைக்குப் பொருள் உண்டு. மழை ஒரே நேரத்தில் எல்லாருக்கும் பெய்வதால், எல்லாரும் ஒரே நாளில் பூக்க அது பொதுக் கடிகாரமாகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு முழுதும் பூக்கும் குறிஞ்சியைத் தமிழர் நன்கறிவர். அதே கூட்டுப் பூப்பின் மிகச் சிறிய வடிவம் இது.

விதைகள் பற்றியும் ஒரு சொல். கொலம்பைனின் விதைகள் பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே உதிர்கின்றன. அதனால் மலைக்கு மலை தனி இனங்கள் தோன்றின. ஆனால் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் பல இனங்கள் இன்னும் எளிதில் கலந்து விதை தருகின்றன. ஒரு மொழியின் கிளைமொழிகளை இதனோடு ஒப்பிடலாம். ஆர்க்கிடின் விதைகளோ தூசியைப் போன்றவை. தமக்கெனச் சேமித்த உணவு அவற்றில் ஏறத்தாழ இல்லை. ஏற்ற பூஞ்சை ஒன்று கிடைத்தால்தான் முளைக்கும். ஆனால் காற்று அவற்றைக் கடல் கடத்திவிடும். புறா ஆர்க்கிட் என்னும் ஒரே இனம் இலங்கை, அந்தமான், நிக்கோபார், மலாய்த் தீபகற்பம், ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று பரவியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

*

இனிப் பெயர்கள். கொலம்பைனின் கதையில் ஒரு முரண் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது புறா. அதன் அறிவியல் பெயரான அக்குயிலீஜியாவில் இருப்பது, ஒரு விளக்கத்தின்படி, ‘அக்குயிலா’, அதாவது கழுகு. வளைந்த குழாய்கள் ஒருவர்க்குப் புறாவின் கழுத்தாகவும் இன்னொருவர்க்குக் கழுகின் நகமாகவும் தெரிந்திருக்கின்றன. நீர் சேர்ப்பது என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து வந்தது என்பாரும் உளர். சீனர் அதே பூவை ஏர்பூட்டி விதைக்கும் கருவியின் விதைப்பெட்டியோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். ஜப்பானியர்க்கு அது நூற்கண்டு. வேட்டையைக் கண்டவர், உழவைக் கண்டவர், நெசவைக் கண்டவர் என ஒவ்வொருவரும் தம் கைக்குப் பழகிய பொருளை அந்தப் பூவில் கண்டனர். பூ ஒன்றுதான்.

ஆர்க்கிடில் நடந்தது வேறு. வெவ்வேறு கரைகளில் இருந்தவர்கள் ஒரே பறவையைக் கண்டனர். இந்தோனேசியாவில் இதன் பெயர் ‘அங்ரெக் மெர்பாத்தி’. மெர்பாத்தி என்றால் புறா. புறாவைக் குறிக்கும் ‘பாராவத’ என்னும் வடசொல்லின் வழி வந்தது அச்சொல். இலங்கையில் சிங்களவர் இதனைச் ‘சுது பரெயி மல்’, அதாவது வெண்புறா மலர் என்பர். அந்தப் ‘பரெவி’யும் அதே பாராவதத்தின் வழித்தோன்றலே. தமிழ் நிகண்டுகளிலும் புறாவுக்குப் பாராவதம் என்னும் பெயர் உண்டு; வழக்கில் அது நிலைக்கவில்லை. ஆர்க்கிடின் விதை கடல் கடந்ததுபோல் சொல்லின் விதையும் கடல் கடந்திருக்கிறது. இரண்டும் போய்ச் சேர்ந்த கரைகள்கூடப் பெரும்பாலும் ஒன்றே.

மொழியியல் மாணவர் அறிந்த வில்லியம் ஜோன்ஸுக்கும் இங்கே இடம் உண்டு. சமற்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவை 1786இல் எடுத்துரைத்த அதே ஜோன்ஸ், ஆர்க்கிட் ஒன்றுக்கு ‘வாண்டா’ என்னும் பெயரைத் தாவரவியலுக்குத் தந்தவர். அவர் மறைந்தபின் 1795இல் அச்சான குறிப்பில் அது வந்தது. மரத்தின் மேல் வளரும் செடிகளைக் குறிக்கும் வடசொல் அது; ஒட்டுண்ணியான புல்லுருவியையும் அச்சொல் குறித்தது. ஆர்க்கிட் புல்லுருவி அன்று. அது மரத்தின் சாற்றை எடுப்பதில்லை; நிற்க இடம் மட்டும் கேட்கிறது. பெயர் ஒன்றாக இருந்தமையால் பழி பகிரப்பட்டது.

தமிழில் கொலம்பைனுக்கு வழக்குப் பெயர் இல்லாததில் வியப்பில்லை. தமிழர் வாழும் நிலத்தில் அது வளர்வதில்லை. புறா ஆர்க்கிடின் நிலை அப்படியன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரின் 3,80,581 பேரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். வேலைக்காக வந்து தங்கியோரும், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டுக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் இவர்களுள் அடங்குவர். அவர்கள் வாழும் தீவுகளின் மரங்களில் அந்தப் பூ பூக்கிறது. அவர்கள் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைத் தமிழ் அகராதிகளில் தேடிப் பயனில்லை.

*

அந்தத் தீவுகளில் பூக்களுக்குப் பெயரில்லாக் காலம் இருந்ததில்லை. மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை அந்தமானில் பணிசெய்து 1922இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். அந்தமானியர் ஆண்டின் பொழுதுகளை அப்போது பூத்திருக்கும் மணமுள்ள மரங்களின், கொடிகளின் பெயரால் குறித்தனர். எந்தப் பூ மணக்கிறதோ அந்தப் பூவின் பொழுது; அதன் தேனின் பொழுது. அவர்களுடைய நாட்காட்டி மணங்களால் ஆனது என்பது அவர் கருத்து.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு சிறுமி முதன்முறை பூப்பெய்தும்போது அக்காலத்தில் பூத்திருக்கும் செடியின் பெயர் அவளுக்குச் சூட்டப்படும். அவள் தாயாகும்வரை அந்தப் பூவின் பெயரே அவள் பெயர். தமிழும் அந்நிகழ்வைப் பூப்பு என்றே சொல்கிறது. உறவில்லாத இரு மொழிகள், ஒரே உவமை. தமிழ் அதனைச் சொல்லாக்கியது. அந்தமானிய வழக்கு அதனைப் பெண்ணின் பெயராக்கியது.

1858இல் ஆங்கிலேயர் அங்கே தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது கிரேட் அந்தமானியர் பல்லாயிரவர் இருந்தனர். பத்து மொழிகள் பேசினர். நோயும் மோதலும் சில பதிற்றாண்டுகளில் அவர்களைக் குறைத்தன. இன்று அச்சமூகத்தில் எஞ்சியோர் ஏறத்தாழ ஐம்பது பேர். அன்றாடப் பேச்சு இந்தியில். 2010 ஜனவரி 26 அன்று போவா சீனியர் மறைந்தபோது ‘போ’ மொழியின் கடைசிப் பேச்சாளரும் மறைந்தார். அவரோடு பணிசெய்த மொழியியலாளர் அன்விதா அபி, போவா பறவைகளோடு பேசும் வழக்கம் உடையவர் என்று பதிவு செய்திருக்கிறார். அந்தமானியர் நம்பிக்கையில் பறவைகள் முன்னோர். தம் மொழியைப் பேச மனிதர் எவரும் எஞ்சாதபோது அவர் முன்னோரிடம் பேசினார்.

அபி அந்தமானியப் பறவைப் பெயர்களைத் தொகுத்து ஒரு தனி நூலே வெளியிட்டார். பேச்சாளர் ஒருவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டதனால் அந்தப் பெயர்கள் எஞ்சின. கேட்கப்படாத பெயர்கள் எத்தனை என்பதற்குக் கணக்கு இருக்க முடியாது.

*

பெயர் இழப்பு இரு வழிகளில் நேர்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசைப்படுத்தும் 99 பூக்களுள் சிலவற்றைப் பொறுத்தவரை, அவை எந்தச் செடியின் பூக்கள் என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பெயர் எஞ்சியது. பூ எது என்பது மறைந்தது. அந்தமானில் பூ எஞ்சியது, பெயர் மறைந்தது. முதலாவதை நூலகத்தில் தேடலாம். இரண்டாவதைத் தேட நூலகம் இல்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைப்பதற்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தை மாற்ற 2022இல் ஒப்புதல் தரப்பட்டது. வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 இலட்சம் என்பது அரசு நாடாளுமன்றத்தில் தந்த மதிப்பீடு. திட்டத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் மரங்களை எண்ணுகின்றனர். மரத்தின் மேல் இருப்பவற்றை எண்ணும் வழக்கம் இல்லை. வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறு மாநிலத்தில் மரக்கன்று நடலாம். மழைக் குளிர்ச்சிக்கு ஒன்பது நாள் கணக்கு வைத்துக் காத்திருந்த செடியையும், அதனை முளைப்பித்த பூஞ்சையையும் அந்தக் கன்றோடு அனுப்ப முடியாது. அந்தத் தீவில் கண்டறியப்பட்ட ஆர்க்கிட் ஒன்றுக்கு டென்ட்ரோபியம் ஷொம்பெனி என்று தாவரவியலாளர் பெயரிட்டனர். அங்கு வாழும் ஷோம்பென் மக்களின் பெயர் பூவுக்குப் போயிற்று. அந்த மக்கள் அந்தப் பூவுக்கு வைத்திருக்கும் பெயர் எதுவோ, அது அறிவியல் பெயரில் இல்லை.

கொலம்பைனின் நிலை இவ்வளவு இக்கட்டானதன்று. ஒரு மொழியில் அது புறா, இன்னொன்றில் கழுகு, மற்றொன்றில் நூற்கண்டு. ஒரு பெயர் போனாலும் பல பெயர்கள் உண்டு. தோட்டங்களில் வளர்ப்போரும் உண்டு. இரண்டு புறாக்களுள் ஒன்றுக்குக் கூடுகள் பல. மற்றதற்கு மரம் வேண்டும்.

உலர்தாவரத் தாள்களில் பூவை ஒட்டி, ஓரத்தில் சீட்டு எழுதுவது தாவரவியலாளர் வழக்கம். இடம், நாள், உயரம், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றோடு ‘உள்ளூர்ப் பெயர்’ என்று ஒரு வரியும் பல சீட்டுகளில் உண்டு. பெரும்பாலும் அந்த வரி வெறுமையாக இருக்கும். மொழியியல் மாணவர்கள் நிரப்பத்தக்க வெற்றிடம் அது. ஏறத்தாழ 29,000 பேர் நிக்கோபாரிய மொழிகளைப் பேசுகின்றனர். அவர்களைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது. போர்ட் பிளேரிலும் கச்சாலிலும் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், மழைக்குப் பின் மாமரத்தின் கிளையைப் பார்த்து ஒரு பாட்டி என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளவும் காலம் இருக்கிறது. ‘இதற்குப் பெயரெல்லாம் கிடையாது’ என்று அவர் சொன்னால் அதையும் நாளும் இடமும் இட்டு எழுதிவைக்கலாம். புதிய பெயர் ஒன்றை அறையில் உட்கார்ந்து ஆக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுவே.